தந்தியும் சுருளும்: பேஸ் கிற்றாரின் பழைய பிக்கப்புகள்

இசைக்கருவிகளின் வரலாற்றை ஆராயுமிடத்து இருவகை இழப்புகள் புலனாகின்றன. கருவி முற்றாக மறைந்து, அதன் பெயரும் இலக்கணமும் மாத்திரம் நூல்களில் எஞ்சுதல் ஒருவகை. கருவி கண்முன்னே கிடப்ப, அதன் குரல் மாத்திரம் அழிதல் மற்றொருவகை. முன்னையதற்குத் தமிழர் அறிந்த சான்று யாழ். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை 1920 இல் பெற்றவரும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற்றமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவருமாகிய விபுலாநந்த அடிகளார், கையிற்கொண்டு ஆராய்தற்கு ஒரு பழைய யாழ்தானும் கிட்டாத நிலையில், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் கணிதத்தையும் துணையாகக் கொண்டு யாழினை மீளக் கண்டார். அவருடைய யாழ் நூல் 1947 சூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் கொழும்பில் மறைந்தார்.

இரண்டாம்வகை இழப்பு அத்துணைப் பேசப்படுவதன்று. மரம் கெடாது, நரம்பு அறாது, மெட்டுத் தேயாது இருக்கும். ஆயினும் கருவி ஊமையாகும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய பேஸ் கிற்றார் என்னும் மின்னிசைக் கருவிக்கு இவ்விழப்பு இயல்பாகவே நேர்கின்றது. அதன் குரல் குடத்திலோ பத்தரிலோ இல்லை. தந்திகளின் கீழே பதிக்கப்பட்ட, கைவிரல் அளவினதாகிய ஒரு சுருளில் இருக்கின்றது. வாசிப்போர் அதனைப் 'பிக்கப்' என்பர். அது கெட்டவிடத்து அதனைக் களைந்து புதியதொன்றை வைப்பதா, பழையதையே திருத்துவதா என்னும் வினா, கருவி வாசிப்போரிடையும் பழங்கருவி பேணுவோரிடையும் இன்றும் வழக்காடப்படுகின்றது. வினா சிறிதெனத் தோன்றும். ஆயின், தவறான விடையினால் எத்துணையோ பழங்கருவிகளின் குரல் குப்பைக்கூடையைச் சேர்ந்துவிட்டது.

பிக்கப்பின் தத்துவம் 1831 இல் மைக்கேல் பரடே கண்ட மின்காந்தத் தூண்டலேயாம். ஒரு காந்தத்தைச் சூழ மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றுக்களாகச் சுற்றப்படுகின்றது. காந்தத்தின் புலத்துள் உருக்குத் தந்தியொன்று அதிருமாயின், அப்புலம் அசைவுறுகின்றது. அவ்வசைவு சுருளிலே மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்புகின்றது. தந்தி நொடிக்கு நாற்பது முறை அதிர்ந்தால் மின்னோட்டமும் நொடிக்கு நாற்பது சுழற்சி கொள்ளும். அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் சுரம் கேட்கும். இங்கே ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது: காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகமே இச்சுருளுக்குப் புலப்படும். ஆட்டுக்குடலாலான நரம்பும் பித்தளைத் தந்தியும் அதற்கு இல்லாதனவே. வீணையின் சாரணி, பஞ்சமம் ஆகிய உருக்குத் தந்திகளுக்கு மறுமொழி கூறும் காந்தப் பிக்கப், மரபுப்படி பித்தளையாலான மந்தரத்தின்கீழ் வாய்மூடி நிற்கும். வீணைக்கு ஒலிபெருக்கம் வேண்டியோர் மரத்தின் அதிர்வைப் பற்றும் ஒட்டு மைக்குகளை நாடியமைக்கு இஃதொரு காரணம்.

கிற்றாருக்கு இச்சுருளை வெற்றியுடன் பொருத்தியவர் அமெரிக்கரான ஜோர்ஜ் போஷாம். அவர் ஹவாய் கிற்றார் வாசிப்பவர். 1931 இல் அவர் அமைத்த கருவி, வட்டமான சிற்றுடலும் நீண்ட கழுத்தும் உடைமையால் 'பொரிக்கும் தட்டு' எனப் பெயர்பெற்றது. குதிரைலாட வடிவான இரு காந்தங்கள் தந்திகளை மேலும் கீழும் வளைந்து நின்றன. அடொல்ப் ரிக்கன்பாக்கருடன் கூடி அடுத்த ஆண்டில் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். காப்புரிமை 1937 இலேயே கிடைத்தது. அதே காலப்பகுதியில், ஜப்பானில் 1931 இல் தொக்குஷிச்சி மிஷிமா என்பார் நிக்கலும் அலுமினியமும் கலந்த புதுக் காந்த உருக்கைக் கண்டுபிடித்தார். அவ்வழியில் வளர்ந்த 'அல்னிக்கோ' என்னும் காந்தக் கலவை, சிறு கோலாகச் செய்யினும் வலிமை குன்றாதது. பின்னர்த் தோன்றிய பிக்கப்புகளுக்கு உயிர்நாடி அதுவே.

தாழ்ந்த சுரங்களை இசைக்க அக்காலத்து மேனாட்டு இசைக்குழுக்கள் கொண்டிருந்தது ஆளுயரமான டபிள் பேஸ் என்னும் கருவி. அதனைத் தூக்கிச் செல்வதே பெரும் வேலை. மெட்டில்லாத கழுத்தில் சுரத்தானம் பிடிப்பது அதனினும் பெரிய வேலை. மின்கிற்றாரின் முழக்கத்தின் முன் அதன் ஒலி எடுபடவுமில்லை. சியாற்றில் நகரத்துப் போல் டட்மார்க் 1930களின் நடுவிலேயே, கிற்றார்போல் கிடையாக ஏந்தி வாசிக்கத்தக்க மின் பேஸ் ஒன்றை 'ஓடியோவொக்ஸ்' என்னும் பெயரால் விற்றார். எனினும் அது பரவவில்லை. காலம் கனிந்தது 1951 இல். அவ்வாண்டிலே கலிபோர்னியாவின் புலர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 'பிரெசிஷன் பேஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். மெட்டுக்கள் சுரத்தைத் துல்லியமாகத் தருதலால் 'துல்லியம்' என்னும் பொருள்பட அப்பெயர் அமைந்தது.

ஃபெண்டரைப்பற்றிச் சிறிது கூறுதல் பொருத்தமாம். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் 1938 இல் தொடங்கியது வானொலி திருத்தும் கடை. திருத்துவோன் கண்ணோடுதான் அவர் கருவியையும் நோக்கினார். பசையால் ஒட்டுதற்குப் பதில் நான்கு திருகாணிகளாற் கழுத்தைப் பூட்டினார். பிக்கப்பையும் இரண்டொரு திருகாணியைக் கழற்றினால் வெளியே எடுக்கலாம். கெட்டதைக் கழற்று, நல்லதை மாட்டு என்பதே அவருடைய கொள்கை. பிற்காலத்தார் பழம் பிக்கப்புகளை இரக்கமின்றிக் களைந்தெறிய வழிவைத்ததும் இவ்வெளிமையே.

1951 ஆம் ஆண்டின் பிக்கப்பில் தந்திக்கு ஒன்றாக நான்கு காந்தக் கோல்களும், அவற்றைச் சூழ ஒரே சுருளும் இருந்தன. இத்தகைய தனிச்சுருளுக்கு ஒரு குறையுண்டு. அறையிலுள்ள விளக்கு, மின்மாற்றி முதலியவற்றின் காந்த அலையையும் அது பற்றி, ஓயாது ரீங்காரமிடும். இலங்கையின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 அதிர்வும், அடுத்த தந்தி 55 அதிர்வும் கொண்டன. ஆகவே கொழும்பிலே அந்த ரீங்காரம் பேஸின் இரு தந்திகளுக்கு நடுவே, அழையா விருந்தாளிபோல் வந்தமரும். 1957 இல் ஃபெண்டர் சுருளை இரு கூறாக்கி, இரு தந்திக்கு ஒன்றாக ஒன்றையொன்று விலக்கி வைத்தார். ஒரு கூறின் காந்தமுனை மற்றதன் எதிர்முனை. சுற்றுந் திசையும் எதிர்த்திசை. இருமுறை எதிர்மறையானமையால் தந்தியின் ஒலி நிலைத்தது. காந்தமுனையோடு தொடர்பற்ற புற ரீங்காரமோ ஒருமுறை மட்டும் எதிர்மறையாகித் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. கிப்சன் நிறுவனத்துச் செத் லவர் 1955 இல் வகுத்த இரட்டைச்சுருளும் இத்தத்துவத்ததே. 1960 இல் ஃபெண்டரின் 'ஜாஸ் பேஸ்' இரு பிக்கப்புகளுடன் வந்தது. இவ்விரு கருவிகளின் பழம் பிக்கப்புகளே இன்று திருத்துவோர் மேசைக்கு மிகுதியாக வருவன.

இக்கருவி தமிழர் செவிக்கு அந்நியமானதன்று. 1976 இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமாகிய இளையராஜாவின் திரைப்பாடல்களில், பேஸ் கிற்றார் தாளத்துக்குத் துணைநிற்றலோடு அமையாது, பாட்டின் கீழே தனியொரு மெட்டாகவே நடக்கும். இலங்கையில் 1960களில் சிங்கள மெல்லிசைக்கு மின்கிற்றாரைக் கொணர்ந்தவர் எனக் கிளாரன்ஸ் விஜயவர்த்தன போற்றப்படுகின்றார். கருநாடக இசையில் உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின் மண்டலினை மேற்கொண்டமை அனைவரும் அறிந்தது. இரட்டைத் தந்திகளைக் களைந்து ஒற்றைத் தந்திகளை இட்டு, பின்னர் ஐந்து தந்தியாக்கிக் கமகத்துக்கு இடங்கண்டார் அவர். சாதாரண மண்டலினில் மீட்டிய ஒலி உடனே அடங்கும். காந்தச் சுருளின்றி அந்நீண்ட கார்வை வாய்த்திராது.

இது நிற்க. பழம் பிக்கப் எவ்வாறு செய்யப்பட்டதென்பதை அறியாமல் அது கெடும் வழியை அறிதல் இயலாது. கறுப்பு நார்த்தகடு இரண்டு. அவற்றிடையே இறுக்கிச் செருகப்பட்ட அல்னிக்கோ கோல்கள். அக்கோல்களைச் சுற்றி நேரே சுற்றப்பட்ட 42 ஆம் இலக்கச் செப்புக்கம்பி. கம்பியின் பருமன் ஒரு மில்லிமீற்றரில் பதினாறில் ஒருபங்கு அளவினது, தலைமயிருக்கு ஒப்பானது. பிரெசிஷன் பேஸின் ஒவ்வொரு கூறிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் சுற்று. தொடக்கத்தில் 'போம்வார்' என்னும் மேற்பூச்சுடைய கம்பி வழங்கிற்று. 1960களின் நடுவே சாதாரண எனாமல் கம்பி இடம்பெற்றது. பொறி சுழல, கம்பியை விரலிடையே பிடித்து அங்குமிங்கும் நடத்தியவர்கள் பெண் தொழிலாளர். அவர்களுள் அபிகேல் இபாரா 1956 இல் ஃபெண்டர் தொழிற்சாலையிற் சேர்ந்து 2013 இல் ஓய்வுபெற்றவர். அவர் கைபட்ட சுருளைத் தேடி வாங்குவோர் உளர். விரலின் இறுக்கமும் நெகிழ்வும் சுற்றுக்களிடையே உள்ள இடைவெளியை மாற்றும். இடைவெளி சுருளின் மின்கொள்ளளவை மாற்றும். அது உச்சச்சுரங்களின் ஒளிர்வை மாற்றும். எனவே ஒரே நாளிற் செய்த இரு சுருள்கள்தாமும் ஒரே குரலின அல்ல. தறியில் நெய்த சேலையும் இத்தகையதன்றோ?

இனிக் கெடும் வழி. கோலுக்கும் கம்பிக்கும் இடையே மெல்லிய அரக்குப்பூச்சு அன்றி வேறு தடுப்பில்லை. அல்னிக்கோவில் இரும்பு உண்டு, இரும்பு துருவேறும். வாசிப்போன் கைவியர்வை தந்திவழி இறங்கி, உப்பும் ஈரமுமாகக் கோலின் தலையிற் படியும். துரு கீழிறங்கிக் கம்பியின் பூச்சை அரிக்கும். செம்பு பச்சைபூத்து அறும். பத்தாயிரம் சுற்றில் ஓரிடம் அற்றாலும் சுருள் முழுதும் ஊமையாகும். இக்கேடு கலிபோர்னியாவின் வறண்ட காற்றில் நாற்பதாண்டு எடுக்குமாயின், கொழும்பிலே அத்துணைக் காலம் எடாது. வெள்ளவத்தையிற் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடையே கற்களே உள. அலை சிதறும் உப்புத்துளி வீட்டுச் சாளரத்து இரும்புக் கம்பியைத் தின்பதை அங்கு வாழ்வோர் நாளுங் காண்பர். துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் காற்று அத்தகையதே. சாளரக் கம்பியைத் தின்னும் காற்று, மயிரிழைபோன்ற செப்புக்கம்பியை விட்டுவைக்குமென எதிர்பார்த்தல் எங்ஙனம்? நார்த்தகடு ஈரத்தில் ஊதி, வெயிலிற் சுருங்கி வளைதலும், அதனாற் கம்பி இழுபட்டு அறுதலும் உண்டு.

புதிய பிக்கப் வைக்கும் வழக்கம் 1970களில் மேனாட்டிற் பெருகிற்று. ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 சனவரியில் சீ.பீ.எஸ். நிறுவனத்துக்கு 13 மில்லியன் டொலருக்கு விற்றபின் வந்த கருவிகள் முன்னையவற்றுக்கு ஈடாகா என்ற எண்ணம் வாசிப்போரிடம் வேரூன்றிற்று. லாரி டிமார்சியோ, செய்மர் டங்கன் முதலியோர் மாற்றுப் பிக்கப்புகளைச் செய்து விற்கலாயினர். அவை ஓசை மிக்கவை. பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்ட அரைமணிநேரம் போதும். கழற்றியது மேசை இழுப்பறைக்குச் செல்லும். இழுப்பறை நிரம்பினாற் குப்பைக்குச் செல்லும். அன்று அதனை எவரும் இழப்பாக எண்ணவில்லை. பின்னர் 1950களின் கருவிகள் அரும்பொருளாகி விலையேறியபோது, மூலப் பிக்கப் இல்லாத கருவியின் மதிப்பு வெகுவாகக் குறைந்ததைக் கண்டு வருந்தினர்.

இலங்கையின் நிலை வேறு. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஊசிமுதல் உழவு இயந்திரத்து உறுப்புவரை, உள்ளதைத் திருத்தியே பயன்கொள்ள வேண்டிய காலம் அது. மின்விசிறி, நீரிறைக்கும் மோட்டர் முதலியவற்றின் எரிந்த சுருளைக் களைந்து மறுபடி சுற்றும் தொழில் நாட்டில் நன்கு வேரூன்றியது. இன்றும் அக்கடைகள் உள. மோட்டர் சுற்றுவோர் கையாளும் கம்பி பன்மடங்கு தடித்தது. பிக்கப் கம்பியோ மூச்சுப் பட்டால் அசைவது. எனினும் எண்ணிச் சுற்றுதல், திசை பார்த்தல், பூச்சுக் கெடாமற் காத்தல் என்னும் மூன்றும் இரண்டுக்கும் பொது. பழம் பிக்கப் ஒன்றைத் திருத்துதற்கு வேண்டிய அறிவு கடல்கடந்து வரவேண்டியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

திருத்தும் முறையில் முதற்படி, கெட்டது யாதென அறிதல். பலரும் தவறுவது இங்கேதான். ஓசை வரவில்லையெனின் சுருள் செத்ததெனத் துணிந்துவிடுகின்றனர். ஓம் அளக்கும் கருவியின் இரு முனைகளையும் பிக்கப்பின் இரு கம்பிகளிற் பொருத்துக. நல்ல பிரெசிஷன் பேஸ் பிக்கப் பத்தாயிரம் ஓம் அளவிலும், ஜாஸ் பேஸினது ஏழாயிரம் ஓம் அளவிலும் காட்டும். செம்பின் தடை வெப்பத்தோடு பாகைக்கு நூற்றுக்கு 0.4 வீதம் ஏறுமாதலின், 20 பாகைக் குளிரறையிற் பத்தாயிரம் காட்டியது கொழும்பின் 30 பாகை வெயிலிற் பத்தாயிரத்து நானூறு காட்டும். இதனைப் பழுதென மயங்குதல் வேண்டா. அளவு சரியாயின் கேடு பிக்கப்பில் இல்லை. ஆளியிலோ, சாவியிலோ, பற்றாசு விட்ட இடத்திலோ தேடுக. அளவே காட்டாவிடின் கம்பி அறுந்துள்ளது. அப்பொழுதும் மனந்தளர வேண்டுவதில்லை. சுருளின் வெளிமுனை தகட்டிலுள்ள சிறு கண்ணியில் வெளிக்கம்பியோடு பற்றாசு வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் அறுவது அங்கேதான். ஒரு சுற்றை மாத்திரம் அவிழ்த்து, பூச்சைச் சுரண்டி, மீண்டும் பற்றாசு வைத்தால் பழங்குரல் அப்படியே திரும்பும். பத்தாயிரத்தில் ஒரு சுற்றை இழந்தது செவிக்குப் புலப்படாது. இவ்வளவு எளிய பழுதுக்காக எறியப்பட்டன எத்துணை!

அறுந்தது உள்முனையாயின், அஃதாவது கோலை ஒட்டியதாயின், முழுதும் அவிழ்த்துச் சுற்றுதலன்றி வழியில்லை. அவிழ்க்குமுன் சுற்றிய திசையையும், காந்தமானியால் ஒவ்வொரு கோலின் முனையையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளுள் ஒன்றில் திசை தவறினால், இரண்டையும் கூட்டி வாசிக்கையில் தாழ்சுரம் ஒன்றையொன்று விழுங்கி, ஒலி தகரத்தில் தட்டியதுபோல் மெலியும். கோல்களைத் தகட்டிலிருந்து தள்ளி எடுக்கலாகாது. எழுபதாண்டுத் தகடு பிளந்துவிடும். துருவை மெல்லத் துடைத்து, புதிய அரக்குப் பூசி உலரவிட்டு, அதே இலக்கமும் அதே வகைப் பூச்சும் உடைய கம்பியாற் சுற்றுக. ஓம் அளவு ஒத்துவிட்டால் குரல் ஒத்துவிடும் என்பது பிழை. பூச்சுத் தடித்தால் சுற்றுக்கள் விலகும், மின்கொள்ளளவு மாறும், குரலும் மாறும். காந்தத்தை மீளவும் முழு வலிவூட்டுதல் வேண்டுமென்பர் சிலர். அல்னிக்கோ தானாகத் தளர்வது மிகச் சிறிதே. தளர்ந்த அச்சிறிதும் பழங்குரலின் கூறாதலின், முனை கெட்டாலன்றித் தொடாது விடுதலே தக்கது.

சுற்றியபின் மெழுகிடல். தேன்மெழுகு ஒருபங்கும் பரபின் நான்குபங்கும் உருக்கி, 65 பாகை அளவிற் சுருளை அமிழ்த்தினால், காற்றுக் குமிழிகள் வெளியேறி மெழுகு உட்புகும். இல்லையேல் தளர்ந்த சுற்றுக்கள் தாமே அதிர்ந்து பெருக்கியிற் கீச்சிடும். மெழுகை நேரே நெருப்பில் வைத்தல் ஆபத்து. கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்குதல் வேண்டும்.

தஞ்சாவூர் வீணையின் இருபத்துநான்கு மெட்டுக்களும் மெழுகிலேயே நிற்பன என்பது ஈண்டு நினைவிற்கு வரும். காலஞ்செல்ல அம்மெழுகு உலர்ந்து வெடிக்கும், சுரத்தானம் பிசகும். வீணை செய்வோன் பழைய மெழுகைக் களைந்து, புதியதை வார்த்து, செவியாற் கேட்டுக் கேட்டு மெட்டுக்களை மறுபடி பதிப்பான். அதனால் அது வேறு வீணையாயிற்றென எவரும் கூறார். பலாமரத்து வீணைக்கு இயல்பாகக் கொடுக்கும் இச்சலுகையை மின்கருவிக்குக் கொடுக்க மறுப்போர் உளர். பழம்பொருள் சேர்ப்போருள் ஒருசாரார், மறுசுற்றுச் சுற்றிய பிக்கப் மூலமன்று. ஊமையாயினும் பழையதே இருத்தல் நன்று என்பர். வாசிப்போருள் ஒருசாரார், ஓசை வந்தாற் போதும். எதை வைத்தாலென்ன என்பர். முன்னையோர் கருவியைச் சுவரில் தொங்கும் படமாக்கினர். பின்னையோர் அதன் வரலாற்றைத் துடைத்தனர். ஆயினும் வீணை உவமை முற்றும் பொருந்துவதன்று. வீணையின் மெழுகு மாற்றப்படும் என்பது அதனைச் செய்தோன் முன்னரே எண்ணிய ஒன்று. அதற்கென வழிவழிவந்த கைமுறை உண்டு. புலர்ட்டன் தொழிற்சாலையில் சுற்றிய பெண்களோ தம் சுருளை ஒருவர் என்றேனும் அவிழ்ப்பார் என எண்ணியிருத்தல் அரிது. ஆதலால் திருத்துவோன் அவர்கள் செய்ததை அறிதற்கு அவிழும் கம்பியையன்றி வேறு ஏட்டைக் காணான். அவிழ்க்கையிற் சுற்றுக்களை எண்ணுதலும், கம்பி துண்டு துண்டாக அறுமாயின் நிறுத்துப் பார்த்தலும், சுற்றின் ஒழுங்கை நோக்குதலும் வெறும் சடங்கல்ல.

நல்ல திருத்துநர் பணி முடிந்தபின் மூன்று செய்வர். சுற்று எண்ணிக்கை, திசை, காந்தமுனை, ஓம் அளவு, திருத்திய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுவர். பிக்கப்பின் அடித்தகட்டில், முன்னிருந்த எழுத்தை மறைக்காது, தம் குறியைச் சிறிதாக இடுவர். அவிழ்த்த செம்பை எறியாது ஓர் உறையிலிட்டு, அத்தாளுடன் கருவிப்பெட்டியின் உள்ளறையில் வைப்பர். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அவ்வுறை மெழுகுத்தாளாக இருத்தல் நன்று.